ஒரே குண்டானில் கலக்கிய எலுமிச்சை ஜூஸ்

சென்ற மாதம் என் பழைய பள்ளியிலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளி மலருக்கு என் அனுபவங்களை எழுதித் தர வேண்டுமாம். கையோடு ஒரு டேப்லெட் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஆறாம் வகுப்புக் கலவைகள் பாடத்தைத் திறந்து காட்டினார்கள். திரையில் ஒரு கண்ணாடிக் குவளை. அதற்குள் ஒரு ஸ்பூன் தானாகவே சுற்றுகிறது, சர்க்கரை மினுமினுத்துக்கொண்டே மறைகிறது, பின்னால் சங்கீதம் வேறு.

"எப்படி மிஸ் இருக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நல்லாத்தான் இருக்கு. ருசி எப்படி?" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான் இந்தப் பாடத்தை எப்படி நடத்தினேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். இது ஒரு பக்கத்துக்குள் அடங்காது. மலரில் போடுவார்களா என்பதும் சந்தேகம்தான். போடாவிட்டால் போகட்டும்.

ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சார்ட் ஒட்டக் கற்றுக்கொடுத்தார்கள், தெர்மாகோல் வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கரும்பலகையை நான்காகப் பிரித்து எழுதாவிட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். ஒரு குழந்தையிடம் எதையாவது கையில் கொடுத்து 'நீயே பார்' என்று சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. அதை நானாகத்தான் கண்டுபிடித்துக்கொண்டேன், அதுவும் மிக்சர் பொட்டலத்திலிருந்து.

முதல் வேலையில் சேர்ந்த புதிதில், கலவை என்றால் என்ன என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். மறுநாள் பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடையில் மிக்சர் வாங்கிக்கொண்டு போய் மேசைமேல் கொட்டினேன். வேர்க்கடலை தனி, ஓமப்பொடி தனி, கறிவேப்பிலை தனி என்று பிரிக்கச் சொன்னேன். பிரித்த பிறகும் வேர்க்கடலை வேர்க்கடலையாகவே இருக்கிறது, அதனால் இது கலவை. அவ்வளவுதான் பாடம். பாடம் முடிந்தபோது வேர்க்கடலைக் குவியல் மட்டும் பாதியாகிவிட்டிருந்தது. "பிரிக்கும்போது ஆவியாயிடுச்சு டீச்சர்" என்றான் ஒருவன். அன்றிலிருந்து என் அறிவியல் வகுப்பு சமையலறைப் பக்கம் நகர்ந்துவிட்டது. ரசத்தை அசையாமல் வைத்தால் தெளிவு மேலே, மண்டி கீழே. மோரும் அப்படியே. உப்புத் தண்ணீரை எவ்வளவு நேரம் வைத்தாலும் அடியில் எதுவும் தங்காது. இதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பார்த்திருக்கிறது. பார்த்ததற்குப் பெயர் வைத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

உழவர்கரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு மாறுதலாகி வந்தபோது இந்தப் பாடத்துக்கு ஒரு முறை வகுத்துவைத்திருந்தேன். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான்.

ஓர் எவர்சில்வர் குண்டான் நிறையத் தண்ணீர். அதில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்க வேண்டும். கலக்கி முடித்ததும் தண்ணீர் சுற்றி அடங்கும்வரை யாரும் மேசையைத் தொடக் கூடாது. அதன் பிறகு ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதன் மேல்வாயை விரலால் அடைத்துக்கொண்டு குண்டானின் அடிவரைக்கும் இறக்க வேண்டும். விரலை எடுத்தால் அடித்தண்ணீர் குழாய்க்குள் ஏறும். மறுபடி அடைத்துத் தூக்கினால் அந்தத் தண்ணீர் மட்டும் வரும். அதை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் விட வேண்டும். இதே மாதிரி நடுவிலிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்கு, மேலிருந்து எடுத்து வேறொரு பிள்ளைக்கு. மூவரும் நக்கிப் பார்த்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

"யாருக்கு அதிகம் இனிக்குது?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் டீச்சர்."

அதுதான் கரைசல். மேலே, நடுவே, அடியில் எங்கே எடுத்தாலும் ஒன்றுபோல இருப்பது. புத்தகம் இதை ஒருபடித்தான கலவை என்று சொல்லும். பல பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பரீட்சை வரைக்கும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோவார்கள். உள்ளங்கையில் நக்கிப் பார்த்த பிள்ளை மறக்காது. இதற்குப் பிறகு அதே தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிவோம். கொட்டையும் சக்கையும் மிதக்கும், இப்போது இது பலபடித்தான கலவை. வடிகட்டினால் ஜூஸ். ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு மணியடித்ததும் ஓடுவார்கள்.

குண்டானைக் கலக்குவதற்கு வகுப்பில் பெரிய போட்டி நடக்கும். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தேன். வீட்டில் கலப்பதோ கரைவதோ ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் கரண்டி.

அந்த வருஷம் கரண்டியை வாங்கியது ரேவதி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து வரும் பெண். பேசச் சொன்னால் எழுந்து நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். அன்றும் அப்படித்தான் பேசினாள்.

"எங்க தெருக் கொழாயில தண்ணி செவப்பா வரும் டீச்சர். அம்மா கொடத்துல புடிச்சு வச்சுட்டு, தெளிஞ்சதும் மேல இருக்கறத மட்டும் மொண்டுக்கும். அடியில மண்ணு நின்னுடும். ஆனா உப்பு மட்டும் போவாது, குடிச்சா கரிக்கும். மண்ணு சும்மா கலந்துருக்கு டீச்சர். உப்பு கரைஞ்சிருக்கு."

இந்தப் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக நான்கூடச் சொன்னதில்லை. கரண்டியை அவள் கையில் கொடுத்தேன். அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் வகுப்பில் குண்டானைத் தொடுகிறவர்கள் எல்லோர் முன்னாலும் சோப்புப் போட்டு முழங்கைவரை கை கழுவ வேண்டும். ரேவதி கேட்காமலே இரண்டாம் தடவையும் கழுவினாள். சர்க்கரையைக் கொட்டினாள், கலக்கினாள், தண்ணீர் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல், நடு, அடி மூன்றும் சரியாக வந்தன. பழத்தை அவளே பிழிந்தாள், அவளே வடிகட்டினாள். டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"எனக்குச் சளி டீச்சர்" என்றது முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"எனக்கும்."

"எனக்குப் புளிப்பு ஆவாதுன்னு அம்மா சொல்லிருக்கு."

"நான் இன்னிக்கு விரதம் டீச்சர்." இதைச் சொன்ன பெண்ணுக்குப் பால் பற்களே முழுதாக விழுந்திருக்கவில்லை.

ஒரே நாளில் பாதி வகுப்புக்குச் சளி பிடித்துவிட்டது. நான் மடச்சி, வானிலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ரேவதிக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஊத்தல டீச்சர். நீங்களே ஊத்துங்க."

நான் ஊற்றினேன். அப்போதும் சளி போகவில்லை. காலனிப் பிள்ளைகள் குடித்தார்கள், வேறு சிலரும் குடித்தார்கள். மளிகைக்கடைக்காரர் மகன் கார்த்தி மட்டும் ஒன்றும் புரியாமல் முழு டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தான். வீட்டில் போய் ஜூஸ் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறான். யார் பிழிந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் சொல்லியிருக்கிறான், பாவம்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வீட்டிலிருந்து சாருக்கு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல். ஒரு பேச்சு முடிந்தது, இனிமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றால் "வொலா" என்பார். மற்றபடி தங்கமான மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்த மாட்டார். பிள்ளைகளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். யார் சண்டைக்கு வந்தாலும் முதலில் டீ சொல்லுவார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்போது சண்டைக்கு வந்தவர் பாதி அடங்கியிருப்பார். இந்தப் பதவிசைப் பார்த்து நானும் வெகுநாள் மயங்கியிருக்கிறேன்.

அறையில் கார்த்தியின் அப்பா சுந்தரம் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் சங்கத்தில் அவர் சொல்வதுதான் நடக்கும்.

"பையன் ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கான் டீச்சர். யாரு கலக்கறாங்க, இன்னா ஏதுன்னு நீங்க பாக்க வேணாமா?" என்றார்.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே குறுக்கே புகுந்தார். "வேற ஒண்ணுமில்ல டீச்சர். பசங்க சுகாதாரத்த நெனச்சுப் பேரண்ட்ஸ் கவலைப்படறாங்க."

"சார், அந்தப் பொண்ணு ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுச்சு. இவரு பையன் ஒரு தடவகூடக் கழுவல."

"நான் யாரோட கையையும் சொல்லலையே."

"அப்ப எதச் சொல்றீங்க? ரேவதி காலனிப் பொண்ணு. அதானே விஷயம்?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "அந்த வார்த்தைய நீங்கதான் சொல்றீங்க டீச்சர். இந்த ரூம்ல வேற யாரும் சொல்லல."

சுந்தரம் தலையாட்டினார். உண்மைதான், வேறு யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் அசிங்கமாகப் பேசியவள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அதற்குப் பிறகு சார் ஒரு வழி சொன்னார். யாரையும் குறை சொல்ல வேண்டாம், பாடத்தையும் நிறுத்த வேண்டாம். இனிமேல் அவரவர் வீட்டிலிருந்து அவரவர் பாட்டில், அவரவர் தண்ணீர், அவரவர் சர்க்கரை. அவரவரே கலக்கி அவரவரே குடிப்பது. ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் மாறிப்போகாது.

"சார், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுன்னு தெரியணும்னா ஒரே பாத்திரத்துலேந்து நாலு பேரு குடிச்சுப் பாக்கணும். அதுதான் பாடமே" என்றேன்.

"பசங்களுக்கு வெளயாட்டுதானே டீச்சர் முக்கியம்? அவங்கவங்க பாட்டில அவங்கவங்க குலுக்கட்டுமே. வொலா."

டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

அன்று மாலையே மேலிடத்துக்குப் புகார் எழுதுவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைச் சத்தமாகவே சொன்னேன். சத்தமாகச் சொன்னால் காலனிவரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்த நாள் மதியம் கேட் பக்கம் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தாள். ரேவதியின் அம்மா அஞ்சலை. மில் மூடியதிலிருந்து அவளுடைய புருஷன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். பெரிய மார்க்கெட்டிலிருந்து சுந்தரம் கடைக்குச் சரக்கு ஏற்றி வருவது அந்த ஆட்டோதான்.

"கையெடுத்துக் கும்புடறேன் டீச்சர், ஒண்ணும் எழுதாதீங்க" என்றாள்.

"ஒம் பொண்ண அவமானப்படுத்திட்டாங்கம்மா. சும்மா வுட்டுடலாமா?"

"எனக்குத் தெரியாதா டீச்சர்? பொறந்ததுலேந்து பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்க எழுதுனா ஒங்களுக்கு மாத்தல் வரும், பெட்டியக் கட்டிக்கினு போயிடுவீங்க. நாங்க எங்க போறது? அதே கொழாத் தண்ணி, அதே கடை, அதே ஸ்கூல்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கரண்டி தனக்குத்தான் கெடைக்கும்னு அன்னிக்குக் காலையில தலைக்குக் குளிச்சிட்டு வந்தா டீச்சர் அவ. ஒங்க பாடத்துக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். புகார் எழுதவில்லை. எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவள் தீர்மானிக்க வேண்டியது, என் கோபத்துக்கு அதில் பங்கில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

அடுத்த பிரிவுக்கு அந்தப் பாடம் நடத்தியபோது சார் சொன்னபடியே நடந்தது. ரேவதியின் பிரிவையும் சேர்த்து ஆறாம் வகுப்பு மொத்தத்தையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து அவரே மேற்பார்வை பார்த்தார். வண்ண வண்ண பாட்டில்கள், பெயர் ஒட்டிய காகிதங்கள். ஒன்றில் சர்க்கரை அதிகம், ஒன்றில் குறைவு, ஒன்றில் யாரோ குளுக்கோஸ் போட்டு அனுப்பியிருந்தார்கள். குலுக்கினார்கள், குடித்தார்கள். பக்கத்துப் பிள்ளையின் பாட்டில் எப்படி இனிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ரேவதி மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டில் எங்க கண்ணு?" என்று சார் அன்பாகக் கேட்டார்.

"மறந்துட்டேன் சார்."

"பரவால்ல, அடுத்த தடவ மறக்காம கொண்டுவரணும்."

அவள் எதையும் மறக்கிற பெண் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் அவள் கையைத் தூக்கவே இல்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பாள். மண்ணும் உப்பும் பேசிய அந்த வாயிலிருந்து ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை என்று கிளிப்பிள்ளை மாதிரி வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

புகார் எழுதாமலே எனக்கு மாறுதல் வந்தது, காரைக்காலுக்கு. வழக்கமான மாறுதல் என்றார்கள். சார் தன் கையால் மாலை போட்டார். காரைக்கால் பள்ளியில் சேர்ந்த வாரமே குண்டான் கிடைக்குமா என்று கேட்டேன். "எதுக்கு மிஸ் குண்டான்? பாட்டில் முறைதான் இப்ப எல்லா எடத்துலயும்" என்றார் அங்கிருந்த ஆசிரியர். தட்சிணாமூர்த்தி சார் ஏதோ ஒரு கூட்டத்தில் தன் யோசனையைச் சொல்ல, கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்துப்போய், அது எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம், வேதவாக்காகிவிட்டது. போன மாதம் வந்த அந்த இளம் ஆசிரியைகள்கூட, "அப்பவே தட்சிணாமூர்த்தி சார் எவ்ளோ முன்கூட்டி யோசிச்சிருக்காரு பாருங்க மிஸ்" என்று வியந்தார்கள். சார் இப்போது உயிரோடு இல்லை. கூடத்தில் அவருடைய படம் மாட்டியிருக்கிறார்களாம். அந்தப் பெண்கள் நல்ல பெண்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எதற்காக வந்த பாட்டில் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறேன், அதற்குத்தான் இந்த எழுத்து.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் வந்துபோன சில நாட்களில் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பூக்கடை வரிசையில் தலை சுற்றி ஒரு காலி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். "டீச்சர்!" என்று யாரோ தோளைப் பிடித்தார்கள். ரேவதி. துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாளாம். கல்யாணமாகி, ஆறேழு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையும் பக்கத்தில் நின்றது, கழுத்தில் ரோஸ் நிறப் பாட்டில் தொங்கியது.

"கொஞ்சம் தண்ணி இருந்தா குடும்மா" என்றேன்.

குழந்தை உடனே பாட்டிலைக் கழற்றி மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டியது. ரேவதி அதன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு பாப்பா. டீச்சருக்கு அம்மா கடையில வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து என் மடியில் வைத்தாள். மூடியைக்கூடத் திறந்து தரவில்லை.

"எதுக்குடி இது? பாப்பா பாட்டில்லயே குடிச்சிருப்பேனே" என்றேன்.

"நீங்க குடிப்பீங்க டீச்சர், எனக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "இன்னிக்கு நீங்க குடிச்சா, கேக்கற எல்லாருமே குடிப்பாங்கன்னு இவ நெனச்சிக்குவா. நாளைக்கு ஸ்கூல்ல யாருக்காவது நீட்டுவா. யாருக்கும் குடுக்காத, யாருகிட்டயும் வாங்காதன்னு பழக்கி வச்சிருக்கேன் டீச்சர். அது மட்டும் மாறிடக் கூடாது."

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பாட்டிலை மூடிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. சீலை உடைத்து, கடைத் தண்ணீரைக் குடித்தேன்.